உப்பு வந்த வழி

எங்கள் வீட்டுக்குக் கடல் வாரத்துக்கு ஒருமுறை வரும். நாகல்நகர் சந்தைக்குப் போய்த் திரும்பும் அம்மாவின் கூடையில், கத்திரிக்காய்க்கும் மொச்சைக்கும் அடியில், பழைய செய்தித்தாளில் சுருட்டி வாழைநாரால் கட்டிய பொட்டலமாக அது இருக்கும். அம்மா கூடையை இறக்குவதற்குள் எதிர்வீட்டுப் பூனை எங்கள் திண்ணையில் ஏறி உட்கார்ந்துவிடும். நெத்திலி, சாளை, வாளை. கையில் காசு புழங்கிய வாரம் சீலாத் துண்டு. வீட்டில் யாராவது பிள்ளை பெற்றிருந்தால் பால்சுறா. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே இந்தப் பெயர்களெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஈரத்தோடு இவை எப்படி இருக்கும் என்று அப்போது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வாளை என்றால் எங்களுக்குத் தகடு மாதிரி விறைத்துக் கிடக்கும் நீளப் பட்டை. அது தண்ணீரில் நெளியும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

திண்டுக்கல்லிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். மேற்கே கொடைக்கானல் மலை, தென்கிழக்கே சிறுமலை, நடுவில் கம்பும் சோளமும் விளைகிற வெக்கை பூமி. மழை பொய்த்த வருஷத்தில் வெஞ்சனத்துக்கு வேறு வழியில்லை. ஒரு துண்டுக் கருவாட்டைச் சுட்டு வைத்தால் ஒரு சட்டிக் கம்பங்கூழ் இறங்கிவிடும். கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளில் அம்மா அதை வெந்நீரில் போட்டு, தலையைக் கிள்ளி, மூன்று தண்ணீர் மாற்றுவாள். மூன்றாவது தண்ணீரை விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் சட்டியில் போடுவாள். குழம்புக்கு உப்புத் தனியாகப் போட்டதே கிடையாது. மீன் சுமந்து வந்த உப்பே போதும்.

உப்பு எங்கள் வீட்டுக்கு இன்னொரு வழியிலும் வந்தது. அப்பா பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். பச்சைத் தோல் உப்பில்லாமல் ஒரு நாள் கிடந்தால் போச்சு, புழு வைத்துவிடும். ஆட்டுத்தோலை விரித்து, சதைப்பக்கம் கைநிறைய உப்பை அள்ளித் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். பிறகு ஊறப்போட்டு அந்த உப்பையெல்லாம் கழுவி எடுப்பார்கள். வருஷக்கணக்கில் இந்த வேலை பார்த்த கையில் ரேகை தெரியாது, வெடிப்புத்தான் தெரியும். ராத்திரி சாப்பிட உட்காரும்போது அப்பா சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டுப் பிசையத் தயங்குவார். புளி வெடிப்பில் பட்டால் காந்தும். அம்மாவே பிசைந்து உருட்டிக் கையில் வைப்பாள். கணவனுக்கு மனைவி சோறு உருட்டிக் கொடுப்பதை எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம் என்றே நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அந்த வெடிப்புகளில் தடவிவிடுவாள்.

தோலைக் கழுவிய தண்ணீர் எங்கே போகும்? மண்ணுக்குள் போனது. அங்கிருந்து கிணற்றுக்குப் போனது. நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் ஆகிவிட்டது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஊரைச் சுற்றிப் பல கிணறுகளுக்கு இதே கதிதான். ஆத்தூர் அணைத் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ராத்திரி விழித்திருந்த தெருக்களில் எங்கள் தெருவும் ஒன்று. டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய ‘தோல்’ நாவலுக்கு 2012-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது, அப்பா இருந்து அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் அதற்குச் சில வருஷம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்.

உயிர்மீன் என்றால் எங்களுக்குக் கண்மாய் மீன்தான். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிப்பார்கள். நத்தம், சாணார்பட்டிப் பக்கம் இன்றைக்கும் நடக்கிற மீன்பிடித் திருவிழா அது. கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாக் கூடையும் வலையும் வேட்டியுமாக மொத்த ஊரும் சேற்றில் இறங்கும். பிடித்ததை விற்கக்கூடாது, அவரவர் வீட்டில் குழம்பு வைக்க வேண்டும். மாமா ஊரில் நான் ஒருமுறை விராலைக் கையால் அமுக்கிப் பிடித்து, அது வழுக்கிக்கொண்டு போய், சேறு கண்ணுக்குள் அப்பிக் கரையேறினேன். அந்த மீனைக் கல்லுப்பைப் போட்டுக் கல்லில் உரசி உரசிக் கழுவுவார்கள். அப்படியும் சேற்று வாடை கொஞ்சம் நிற்கும். எங்களுக்கு அந்த வாடைதான் மீன் வாசனை. கட்லாவும் ஜிலேபியும் அணைக்கட்டு ஓரத்தில் சுடச்சுடப் பொரித்துத் தருகிற கடைகளில் இன்றைக்கும் நான் விரும்பித்தான் சாப்பிடுகிறேன். குளத்து மீனைக் கடல்மீனுக்குக் கீழாக வைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அம்மா கடலைப் பார்க்காதவள் இல்லை. திருச்செந்தூருக்கும் ராமேஸ்வரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் பலமுறை போயிருக்கிறாள். ஆனால் எல்லாமே வேண்டுதலுக்குப் போனவை. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தூக்குவாளியில் கூடவே போகும். கடற்கரையில் மணலைத் தட்டி உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுவிட்டு, கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிடுவாள். நாற்பது ஐம்பது வருஷம் கருவாட்டுக் குழம்பு வைத்தவள் கடலோரத்தில் ஒரு துண்டு மீன் வாயில் வைத்ததில்லை. எனக்கு இது உறைத்தது அவளுக்கு அறுபத்தெட்டு வயதான பிறகுதான்.

நான் மட்டும் ஒருமுறை போய் ஏமாந்து வந்திருந்தேன். 2012 மே மாதம், மகளுக்குப் பள்ளி விடுமுறை. நம் பக்கத்து ஆட்கள் கடலுக்குக் கிளம்புவது மே மாதத்தில்தான், கடல் கதவடைத்திருப்பதும் அப்போதுதான். மீன் குஞ்சு பொரிக்கிற பருவம் என்று விசைப்படகுகளை ஏப்ரல் 15 முதல் கரையில் கட்டிவைக்கும் வழக்கம் 2001-இல் வந்தது. அப்போது 45 நாள், 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாள். இது தெரியாமல் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய விளக்குப் பலகை போட்ட ஒரு கடையில் உட்கார்ந்தோம். வந்த மீனை விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. மசாலாவை மட்டும் அள்ளி அள்ளி அப்பியிருந்தார்கள். அன்றிரவு மகளுக்கு விடிய விடிய வாந்தி. அந்த நாட்களிலும் நாட்டுப்படகும் வல்லமும் கரைவலையும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த மீனைப் பொரிக்கிற ஓலைக்கடைகள் சாலையை விட்டு இறங்கினால் கிடைத்திருக்கும். இறங்கத் தெரியாமல் போய்விட்டது.

2019-இல் தைப்பூசம் கழிந்த வாரம் மச்சான் வண்டியை எடுத்தார். மார்கழி பிறந்ததிலிருந்து பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் திண்டுக்கல் வழியாக நடந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் பாதி ஊர் கவிச்சி தொடாது. எல்லாம் முடிந்து நாக்கு ஏங்கிக் கிடக்கிற சமயம். “மூணு நாள் கடலோரமாவே போறோம். கோயிலுக்குன்னு போகல, மீன் திங்கத்தான் போறோம்” என்று அம்மாவிடம் சொன்னேன்.

“ராமேஸ்வரத்துக்குப் போயி மீன் திங்கிறதா? ஒனக்கு என்னடா கிறுக்கா?”

அரை மணி நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். முதல் நாள் கோயில், இருபத்திரண்டு தீர்த்தம், சுத்தபத்தம். மறுநாள் விடிந்து தீவின் கோடிக்குப் போன பிறகு மீன். “ராமநாதசாமிக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றாள்.

மதுரை, மானாமதுரை, பரமக்குடி. ராமநாதபுரம் தாண்டியதும் சீமைக்கருவேலங் காட்டுக்கு மேலே காற்றின் கனம் மாறியது. கண்ணாடியை இறக்கச் சொன்ன அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, “சந்தை வாசனை வருது” என்றாள். மண்டபம் வந்துகொண்டிருந்தது, சாலையோரத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. பாம்பன் சாலைப் பாலத்தில் எல்லோரும் செய்வது போல நாங்களும் இறங்கி நின்றோம். 1988-இல் இந்தப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயிலும் படகும்தான் வழி. அம்மா முதன்முதலில் ராமேஸ்வரம் வந்தது 1914-இல் கட்டிய அந்த ரயில் பாலத்தின் மேல்தான். ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டதால் கடலையே பார்க்கவில்லை என்றாள். இப்போது கைப்பிடிச் சுவரில் கையூன்றிக் குனிந்து, கீழே வரிசையாக நின்ற படகுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியும்போது தனுஷ்கோடிச் சாலையில் இருந்தோம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை தார்ச்சாலை வந்தது 2017-இல்தான். அதற்கு முன்னால் மணலிலும் தண்ணீரிலும் வேன்கள் உருண்டு போகும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊர் போனது, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் ஆட்களோடு போனது. குடியிருக்க ஆகாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. கடலில் பிழைக்கிறவர்கள் திரும்பி வந்து ஓலை வேய்ந்துகொண்டார்கள். இடிந்த தேவாலயத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த ஓலைக்கடைகள் வரிசையாக இருந்தன. சங்கும் சோழியும் மாலையும் தொங்குகிற கடைகளுக்கு நடுவே மீன் கடைகள்.

கூட்டம் இன்னும் வரவில்லை. ஒரு கடை வாசலில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். கருவேல விறகு, எரியவிடப் பனைமட்டை. மூன்று பக்கம் கீற்று, ஒரு பக்கம் கடல். மணல்தான் தரை. பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்கள் மணலில் புதைந்து கோணலாக நின்றன. மேசைமேல் ஒரு தாம்பாளத்தில் மீனை அடுக்கி ஈரத்துணி போட்டு மூடியிருந்தார். எங்களைப் பார்த்ததும் துணியை விலக்கினார். பாறை, விளமீன், ஊளி, நாலைந்து கணவாய். இன்னும் மசாலா தடவவில்லை.

“இப்பத்தாண்ணே கரைக்கு வந்துச்சு. எது வேணும்னு சொல்லுங்க, தடவிப் போட்டுத் தர்றேன்.”

அம்மா முன்னால் போனாள். விளமீனின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தாள். உள்ளே செம்பருத்திப் பூ நிறம். கண்ணைப் பார்த்தாள், குழி விழாமல் கண்ணாடிக் குண்டு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. சதையை அழுத்தினாள், விரலை எடுத்ததும் பள்ளம் நிமிர்ந்துவிட்டது. பிறகு மூக்கருகே கொண்டுபோனாள். கொண்டுபோனவள் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“டேய், இதுல மீன் வாடையே இல்லையேடா.”

அந்தப் பெண் சிரித்தார். “வாடை வந்தா அது நேத்து மீனும்மா.”

எங்களுக்கு அது பெரிய செய்தி. திண்டுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியில் வரும் கடல்மீனிலும் கண்மாய் மீனிலும் கருவாட்டிலும் வாடை என்று ஒன்று இருந்தே தீரும். அதை மஞ்சளும் புளியும் போட்டு எப்படிப் போக்குவது என்பதுதான் எங்கள் சமையலின் பாதி வித்தை. இங்கே போக்குவதற்கு எதுவும் இல்லாததால் அவர் வைத்திருந்த மசாலாவும் கொஞ்சம்தான். வற்றல் தூள், மஞ்சள், நாலு பல் பூண்டு, உப்பு. கையால் தடவி ஐந்து நிமிஷம்கூட வைக்கவில்லை. தோசைக்கல்லில் எண்ணெயை ஊற்றி, அது காய்ந்ததும் மீனைப் படுக்கப் போட்டார். அடுத்து எதுவுமே செய்யாமல் நின்றார். நம் ஊர்க் கடைகளில் கரண்டி ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்கும். இவர் ஒரே ஒருமுறைதான் திருப்பினார். தோல் கல்லை விட்டுத் தானாகக் கழன்று வருகிற சத்தம் ஒன்று உண்டு, மெல்லிய சீறல் அடங்கி ஒரு சொடக்கு. அதைக் காதால் கேட்டுத் திருப்பினார் என்று இரண்டாவது மீனில்தான் கண்டுபிடித்தேன்.

விளமீனைப் பிட்டால் வெள்ளை வெளேரென்று இதழ் இதழாக வந்தது. லேசான இனிப்பு. உப்பு வெளியே மசாலாவில் மட்டும் இருந்தது, உள்ளே இல்லை. உப்புக் கடலில் பிறந்து வளர்ந்த மீனுக்குள் உப்பு இல்லை என்பதை அன்றைக்குத்தான் என் நாக்கு அறிந்தது. நான் அதுவரை தின்ற கடல்மீன் எல்லாம் மனிதர்கள் போட்ட உப்பு.

மகளும் மச்சானும் கணவாய்க்குப் போனார்கள். அம்மா சாப்பிட்டபடியே அடுப்படியில் இன்னொரு சட்டி மூடியிருந்ததைக் கவனித்துவிட்டாள்.

“அதுல என்னத்தா இருக்கு?”

“அது எங்களுக்கு வச்சதும்மா. காரல் கொழம்பு. முள்ளு நெறையா இருக்கும், கடைக்கு வர்றவுக கேக்க மாட்டாக.”

“நான் முள்ளுக்குப் பொறந்தவ. ஊத்து.”

விரல் நீளத்துக்கு, தட்டையாக, வெள்ளிக்காசு போல மின்னுகிற பொடிமீன் காரல். அதை முழுசாகப் போட்டு, புளி கொஞ்சமாக, தேங்காய் அரைத்து ஊற்றித் தண்ணியாக வைத்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க இதைக் கொடுப்பார்கள் என்றார். “எங்க ஊர்ல அதுக்குப் பால்சுறாக் கருவாடு” என்றாள் அம்மா. “அதுவும் எங்க ஊருதானம்மா” என்றார் அவர். பேச்சு அங்கே பிடித்துக்கொண்டது. என்னென்ன கருவாடு எங்கே காயும், எதற்கு எவ்வளவு உப்பு, எத்தனை வெயில், மழைக்காலத்தில் எப்படிக் கெடும் என்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல, அதே கருவாட்டுக்கு எத்தனை தண்ணீர் மாற்ற வேண்டும், எதற்குக் கத்திரிக்காய் சேரும், எதற்கு வாழைக்காய் சேரும் என்று அம்மா சொல்லிக்கொண்டு போனாள். ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றவர் தொடங்கினார். கடலோரத்தில் உப்புப் போட்ட கையும், எங்கள் ஊரில் அந்த உப்பைக் கழுவிய கையும் ஒரே மேசையில் இருந்தன. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே இத்தனை வருஷம் ஒரே குழம்பை வைத்திருக்கின்றன.

“கஜா எங்கள விட்டுட்டு ஒங்க ஊருக்குல்ல போயிருச்சாம்?” என்று கேட்டார் அந்தப் பெண். இரண்டு மாதம் முன்பு, 2018 நவம்பர் 16 விடிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் திண்டுக்கல் வழியாகத்தான் மேற்கே போனது. “கொடைக்கானல் பக்கமெல்லாம் மரஞ் சாஞ்சு போச்சு தாயி” என்றாள் அம்மா. புயலைப் பற்றி எங்கள் ஊர்ப் பெண்ணிடம் கடல்கரைப் பெண் துக்கம் விசாரித்தது எனக்கு மறக்கவில்லை.

எந்தப் பக்கத்து மீன் இது என்று கேட்டேன். இடது பக்கம் வடகடல், வலது பக்கம் தென்கடல். பாக் நீரிணைப் பக்கம் அலை குறைவு, அதைப் பெண்கடல் என்பார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். ஆனால் இது வாடைக்காற்று அடிக்கிற மாதம். இப்போது பெண்கடல் கலங்கியிருக்கும், ஆண்கடல் அடங்கியிருக்கும். அதனால் தென்கடலில் வலை போட்டார்கள். கச்சான் காற்று பிறந்ததும் மாறிவிடும், அப்போது படகை வடக்கே கொண்டுபோய்விடுவார்கள். நடக்கிற தூரத்தில் இரண்டு கடல், ஒன்று கோபித்தால் ஒன்று. அம்மா இதை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

அப்புறம் தண்ணீர் கேட்டாள். நாங்கள் வாங்கி வைத்திருந்த பாட்டிலை எடுத்தேன். அவள் கடையிலிருந்த குடத்தைக் காட்டினாள். அந்தப் பெண் ஒரு சொம்பில் மொண்டு கொடுத்தார். அம்மா அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிறுத்தினாள். பிறகு முழுச் சொம்பையும் குடித்தாள்.

“எங்கருந்து வருது இது?”

“இந்தா, பின்னாடி ஊத்துலதான்.”

பின்னால் போய்ப் பார்த்தோம். கடலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இருக்காது. மணலில் இடுப்பளவுக்கும் குறைவாக ஒரு பள்ளம். பக்கச் சுவர் சரியாமல் இருக்க ஒரு பழைய பீப்பாய். அடியில் கண்ணீர் மாதிரி தெளிந்து ஊறுகிற தண்ணீர். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும், மேலாகத் தோண்டி மெதுவாக மொண்டால் நல்ல தண்ணீர். அகப்பையால் கலங்காமல் மொள்ள வேண்டும். அவசரப்பட்டால் கெட்டுப்போகும்.

அம்மா அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. நான் எங்கள் தெருக் கிணற்றை நினைத்துக்கொண்டிருந்தேன், அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். இரண்டு கடலுக்கு நடுவில் கையகலப் பள்ளத்தில் இந்த மக்கள் நல்ல தண்ணீரைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கடலே இல்லாத எங்கள் ஊரில், எண்பதடிக் கிணற்றை நாங்கள் உப்பாக்கிவிட்டோம். இதற்கு யாரிடம் போய் முறையிடுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அந்தத் தொழிலில்தான் என் பள்ளிக்கூடக் கட்டணம் வந்தது.

காசு கொடுக்கும்போதுதான் அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். மீதிச் சில்லறையை நீட்டிய கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் வெடிப்பு. சில ஆறியவை, சில சிவந்தவை. அம்மா கட்டைவிரலால் அந்த வெடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். அப்பா கையில் தடவுவாளே, அதே மாதிரி.

“உப்புத்தானே?”

“ஆமாம்மா. கருவாட்டு வேலை. போகாது.”

“ராத்திரி வெளக்கெண்ணெய்ல மஞ்சளக் கொழச்சுத் தடவு. துணி சுத்திக்கிட்டுப் படு. எங்க வீட்டுக்காரருக்கு முப்பது வருஷம் நான் தடவினேன்.”

அவர் தலையாட்டினார். பிறகு உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தார். வீட்டுக்குக் காயவைத்த வாளை. காசு வாங்கவே இல்லை. அம்மாவும் வற்புறுத்தவில்லை, கூடையிலிருந்த சிறுமலைப் பழச் சீப்பை எடுத்துக் கொடுத்தாள்.

அன்றைக்குப் பகல் முழுக்கத் தென்கடலை ஒட்டியே ஓடினோம். கீழக்கரையில் மகளுக்குத் தொதல் என்கிற இனிப்பு வாங்கினோம். ஏர்வாடி, சாயல்குடி. வேம்பாருக்குப் பக்கத்தில் பனங்கூட்டத்துக்குள் ஒரு கொட்டகை, அதில் ஒரு பெரியவர் சாளையைக் குழம்பும் பொரியலுமாக வைத்துச் சோறு போட்டார். நன்றாகவே இருந்தது. ஆனால் எங்களுக்குக் காலையில் தின்றதைப் பற்றிப் பேசவே நேரம் போதவில்லை. தூத்துக்குடியில் இரவு நண்டு. அதில் மகளின் சட்டை பாழானது தவிரச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் காலை தூத்துக்குடிக்கு வெளியே உப்பளங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தச் சொன்னாள் அம்மா. உப்பு வாரும் காலம் இன்னும் தொடங்கவில்லை. மழைத்தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் பாத்திகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். போன வருஷத்து உப்பு அம்பாரம் அம்பாரமாக ஓலை மூடிக் கிடந்தது. ஓர் அம்பாரத்தின் காலடியில் ஓலை விலகியிருந்த இடத்தில் அம்மா குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். இங்கிருந்து கிளம்பிய உப்புத்தான் அப்பாவின் கைக்கு வந்தது, இங்கிருந்து கிளம்பியதுதான் எங்கள் கிணற்றுக்கும் வந்தது. அவள் வாயில் போட்டுக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு வண்டியில் ஏறினாள். திருச்செந்தூர் போகலாமா என்று கேட்டதற்கு, “மீன் தின்ன வாயோட வேணாம், முருகன் இருக்கட்டும்” என்று தென்பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டாள். அருப்புக்கோட்டை, மதுரை வழியாக இருட்டுவதற்குள் வீடு வந்தோம். வண்டிக்குள் வாளை வாசனை இரண்டு வாரம் நின்றது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாளையை அவள் உடனே சமைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஒருநாள் வெந்நீரில் போட்டாள். முதல் தண்ணீரைக் கொட்டியதும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். “உப்பு கம்மியாப் போட்டிருக்கா. வீட்டுக்குன்னு வச்சதுல்ல” என்றாள். அத்தோடு தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த சந்தைக்கு நானும் கூடப் போனேன். கருவாட்டுக் கடைகள் எப்போதும் போலச் சாக்கை விரித்துக் குவித்து வைத்திருந்தன. அம்மா வழக்கமாக வாங்கும் கடையில் உட்கார்ந்து ஒரு வாளையை எடுத்து வளைத்துப் பார்த்தாள், முகர்ந்தாள். கடைக்காரர் தராசைத் தூக்கிக்கொண்டு எத்தனை என்று கேட்டார்.

“அது இருக்கட்டும். இது வடகடலா, தென்கடலா?”

அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.